கடைசிப் பாத்தி

போன வாரம் இந்த வருடத்துக்கு முதல் தடவையாக ஹீட்டிங்கைப் போட்டேன். சமையலறை மூலையில் பொயிலர் இரண்டு தரம் சொடுக்கிவிட்டுப் பற்றிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில், கோடை முழுவதும் ரேடியேட்டர்களின் இடுக்கில் படிந்திருந்த தூசி காயும் மணம் வீடெங்கும் எழுந்தது. இங்கிலாந்தில் குளிர்காலம் கண்டவர்களுக்கு அந்த மணம் தெரியும். நாள்பட்ட கம்பளியை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்ததுபோல இருக்கும். அரை மணி நேரத்தில் போய்விடும். அடுத்த ஒக்டோபர்வரை திரும்ப வராது. எனக்கு அந்த மணம் வந்தால் அப்பாவின் தேங்காயெண்ணெய்ப் போத்தல் நினைவுக்கு வரும்.

போத்தலுக்கு வருவதற்கு முன் ஈஸ்ட்ஹாம் வீட்டைச் சொல்லவேண்டும்.

இலங்கையில் 83 கலவரத்துக்குப் பிறகு லண்டனில் வந்து இறங்கியவர்கள் நாங்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகளில் ஒன்றின் மேல்தளத்தில் ஆறு பேர் இருந்தோம். முதல் குளிருக்கு அந்த வீட்டில் இருந்தது ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டர்தான். 1970இல்கூட இந்த நாட்டின் பெரும்பாலான வீடுகளில் சென்ட்ரல் ஹீட்டிங் இருக்கவில்லை. நாங்கள் வந்த காலத்திலும் வாடகை வீடுகளுக்கு அது மெல்ல மெல்லத்தான் வந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய் ஹீட்டரைப் பற்றவைத்தால் சுவரில் ஈரம் வழியும், கண் எரியும். ஆனால் அந்த மணத்துக்காகவே நான் அதன் பக்கத்தில் போய் இருப்பேன். யாழ்ப்பாணத்தில், உரும்பிராயில் எங்கள் தோட்டத்து இறைப்பு மிஷின் மண்ணெண்ணெயில் ஓடியது. விடியற்காலையில் அப்பா கயிற்றைச் சுற்றி இழுக்க, அது இருமி இருமிக் கிளம்பும் சத்தமும் அந்த மணமும் எனக்குள் ஒன்றாகவே கிடந்தன.

அடுத்த வருடம் வீட்டுக்காரர் ரேடியேட்டர்கள் பூட்டினார். ஆறு பேரும் சுவரில் தொங்கிய அந்த வெள்ளைத் தகரத்தைச் சுற்றி நின்று பார்த்தோம். காஸ் மீட்டர் காசு போட்டால் ஓடும் வகை. 50 பென்ஸ் நாணயங்களைச் சேர்க்க ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் வைத்திருந்தோம். மாலையில் ஒரு மணி நேரம், இரவு வேலைக்குப் போய் வருபவர்களுக்காக விடியப்புறம் அரை மணி நேரம். அதற்குமேல் காசு போடுவதில்லை என்று பேசிவைத்திருந்தோம். பெட்ரோல் ஷெட்டில் இரவு முழுவதும் நின்றுவிட்டு வருகிறவன் காலணியைக் கழற்றி, ரேடியேட்டருக்கு முதுகைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் நிற்பான். அவன் நகரும்வரை யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம்.

ரேடியேட்டர் வந்த பிறகு எங்கள் சாப்பாடும் மாறியது. அதுவரை அந்த வீட்டில் தோசைக்கு மா புளித்ததே இல்லை. இரண்டு நாள் வைத்தாலும் அரைத்தபடியே கிடக்கும். ஒருநாள் யாரோ மாச் சட்டியைத் துவாயால் சுற்றி ரேடியேட்டரடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். விடிய மா பொங்கிக் கம்பளத்தில் வழிந்திருந்தது. அன்று ஆறு பேரும் தோசை சாப்பிட்ட வேகத்தை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது. இன்றைக்கும் லண்டனில் எத்தனையோ தமிழ் வீடுகளில் மா ரேடியேட்டரடியில்தான் புளிக்கிறது. சாரம், காலுறை, பிள்ளைகளின் பள்ளிச் சட்டை எல்லாம் அதன் மேலேதான் காயும்.

அந்த வீட்டில் எங்களுக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். பல வருடம் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்தவர். நாங்கள் கப்பலண்ணை என்போம். ஒரு தை மாதத்தில் எங்கள் அறை ரேடியேட்டர் பேருக்குத்தான் சுட்டது. காசு போடுகிறோம், பொயிலர் எரிகிறது, அறை மட்டும் சூடாகவில்லை. பொயிலர்தான் பழுது என்று நான் அதன் முன்னால் போய்க் குந்தியிருந்தேன். கப்பலண்ணை வந்து என் தோளைத் தட்டினார்.

"தம்பி, நெருப்பைப் பாத்துக்கொண்டு இருந்து பிரயோசனமில்லை. இது தண்ணி வேலை. எழும்பி வந்து கையை வை."

ரேடியேட்டரின் அடியில் கையை வைக்கச் சொன்னார். சுட்டது. மேல் விளிம்பில் வைக்கச் சொன்னார். சில்லென்று இருந்தது. "மேல குளிர், கீழ சூடு. அப்ப மேல என்ன இருக்குது? காத்து. காத்து இருக்கிற இடத்துக்குத் தண்ணி ஏறாது." தன் பெட்டிக்குள் இருந்து பித்தளைச் சாவியொன்றை எடுத்தார். சின்ன விரல் அளவு, முனையில் சதுரத் துளை. ஹீட்டிங்கை நிறுத்தச் சொல்லி, ரேடியேட்டர் ஆறும்வரை ஒரு பிளேன் டீ குடித்தார். நிறுத்தாமல் திறந்தால் பம்ப் புதிதாகக் காற்றை உள்ளே இழுக்கக்கூடும், கொதிநீர் கையிலும் தெறிக்கும் என்றார். பிறகு மேல் மூலையில் இருந்த குமிழில் சாவியைப் பொருத்தி இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினார். 'உஸ்ஸ்' என்று காற்று வந்தது. வெகுநேரம் வந்தது. பிறகு துப்பித் துப்பித் தண்ணீர் வந்தது. பழந்துணியைப் பிடித்துக்கொண்டு இறுக்கி மூடினார். வெளியேறிய காற்றின் இடத்தை நிரப்பக் கூரைக்குள் இருந்த சிறிய தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கியது.

ஊரில் இறைப்பு மிஷின் காற்று இழுத்துவிட்டால் எஞ்சின் ஓடும், குழாயில் தண்ணீர் வராது. அப்பா மிஷினை நிறுத்தி, பம்பின் வாயைத் திறந்து, வாளியால் தண்ணீர் விட்டு நிரப்பி, காற்றைக் கொப்பளிக்க விட்டுத்தான் மறுபடி கிளப்புவார். எத்தனையோ தரம் அந்த வாளியைத் தூக்கிக் கொடுத்தவன் நான். லண்டனில் சுவரில் தொங்கிய தகரத்துக்குள்ளும் அதே சங்கதிதான் என்பது அன்றுவரை எனக்கு விளங்கியிருக்கவில்லை. கப்பலண்ணை சில மாதத்தில் கனடாவுக்குப் போனார். போகும்போது அந்தச் சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

பிறகு கல்யாணம், பிள்ளைகள், கடன் வாங்கி ஒரு சொந்த வீடு. அதையெல்லாம் இங்கே விரிக்கத் தேவையில்லை. 2002இல் போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணப் பாதை திறந்த கையோடு அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டோம். அம்மா முதலில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார், அவளுக்குப் பிள்ளைப்பேறு. அப்பாவுக்குப் பின்பக்க அறையைக் கொடுத்தோம். தோட்டத்தைப் பார்த்த அறை, அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்துத்தான் கொடுத்தோம். முன்பிருந்தவர்கள் வீட்டை நீட்டிக் கட்டியபோது சேர்த்த அறை அது. பொயிலரிலிருந்து கிளம்பும் குழாய் கடைசியாகப் போய்ச் சேரும் இடமும் அதுதான்.

அப்பா ஒரு நாளும் குளிர்கிறது என்று சொல்லவில்லை. நான் வேலையால் வந்து "எப்பிடியப்பா, குளிரோ?" என்று வாசலில் நின்று கேட்பேன். "சாய், எனக்கென்ன குளிர்" என்பார். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை. வயதானவர், புதிய நாடு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஹீட்டிங்கை ஆளும் தெர்மோஸ்டாட் முன்வாசல் நடையில் இருந்தது. அதில் 20 பாகை என்று காட்டியது. அதைப் பார்த்துவிட்டு வீடு முழுவதும் 20 பாகை என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அவருடைய அறைக்குள் பேப்பர் எடுக்கப் போனேன். ரேடியேட்டரின் மேல் அவருடைய தேங்காயெண்ணெய்ப் போத்தல் இருந்தது. குளிரில் உறைந்த எண்ணெய் இளகட்டும் என்று எல்லா வீட்டிலும் அப்படி வைப்பதுதான். எண்ணெய் இளகியிருக்கவில்லை. மெழுகுபோல வெள்ளையாக, அடிமுதல் நுனிவரை உறைந்து கிடந்தது. போத்தலுக்குள் ஒரு தீக்குச்சி. அதை விட்டுக் கிண்டி எடுத்துத்தான் அவர் மூன்று வாரமும் தலைக்கு வைத்திருக்கிறார்.

ரேடியேட்டரைத் தொட்டேன். கல்.

"ஏனப்பா சொல்லேல்லை?"

"உங்களுக்கு வேலை. பிள்ளையளுக்குப் படிப்பு. இதுக்குள்ள நான் என்னத்தைச் சொல்லுறது."

அன்று நான் அவரிடம் கோபப்பட்டேன். கோபம் அவர்மேல் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

சாவியை எடுத்து வந்து குமிழைத் திறந்தேன். காற்று வரவில்லை, உடனேயே தண்ணீர் வந்தது, அதுவும் குளிர்ந்த தண்ணீர். மேலும் கீழும் ஒரே குளிர் என்றால் காற்றுப் பிரச்சினை இல்லை, தண்ணீர் உள்ளே ஓடவில்லை. கீழே இரண்டு பக்கமும் இரண்டு குழாய்கள் நிலத்திலிருந்து வருகின்றன. ஒன்றில் 1 முதல் 5 வரை எண் போட்ட திருகுத் தலை. அந்தப் பக்கக் குழாயைத் தொட்டால் சுட்டது. வால்வு வரை வந்த சூடு அதைத் தாண்டவில்லை. அப்பா கட்டிலில் இருந்தபடி எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தலைக்கு மின்சாரம் கிடையாது. உள்ளே மெழுகோ திரவமோ அடைத்த சின்னக் குடுவை இருக்கிறது. அறை சூடானால் அது விரிந்து, வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கீழே அழுத்தித் தண்ணீரை அடைக்கும். அறை குளிர்ந்தால் சுருங்கும். ஒரு சுருள்வில் ஊசியை மேலே தள்ளிவிடும். டென்மார்க்கில் 1943இல் மாட்ஸ் கிளவ்சன் உருவாக்கிய வால்வின் வழி வந்தது இது. அருமையான வேலைப்பாடு. ஆனால் கோடை முழுவதும் அழுத்தப்பட்டே கிடந்தால் ஊசி அப்படியே இறுகிப்போகும். அப்பாவின் அறையில் அதுதான் நடந்திருந்தது. தலையைக் கையால் திருகிக் கழற்றினேன். ஊசி உள்ளே போய் ஒட்டிக் கிடந்தது. குறட்டால் பிடித்து இழுக்கத் தோன்றும்; இழுக்கக்கூடாது. கழன்று வந்துவிட்டால் அறை முழுவதும் தண்ணீர். சுத்தியலின் மரப்பிடியால் வால்வின் பக்கத்தில் மெல்லத் தட்டி, ஒரு நாணயத்தால் ஊசியை அழுத்தி அழுத்தி விட்டேன். பத்துப் பன்னிரண்டு தரத்துக்குப் பிறகு 'டக்' என்று மேலே வந்தது. உள்ளே தண்ணீர் நகரும் சத்தம் கேட்டது. அப்பா சிரித்தார்.

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ரேடியேட்டர் வெதுவெதுப்பாக வந்ததோடு சரி. முன்னறையிலோ கை வைக்க முடியாத சூடு. வால்வுத் தலையை 5இல் வைத்தேன். வித்தியாசமில்லை. பிளம்பரைக் கூப்பிடுவோம் என்று எழும்பியபோது அப்பா கேட்டார்.

"தண்ணி எங்கால வருது? முதலில எந்த அறைக்குப் போகுது?"

சொன்னேன். பொயிலர், பிறகு முன்னறை, நடை, மாடி, கடைசியாக இங்கே.

"அப்ப முதல் பாத்தியின்ர வாயைக் கட்டாமல் கடைசிப் பாத்திக்கு எப்பிடித் தண்ணி வரும்?"

உரும்பிராய்ச் செம்மண்ணில் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறுவதை நான் சிறுவயதில் செய்திருக்கிறேன். கிணற்றடியிலிருந்து வாய்க்கால், வாய்க்காலின் இரு பக்கமும் பாத்திகள். மண்வெட்டியால் ஒரு பாத்தியின் வாயைத் திறந்து, நிரம்பியதும் மண் அணைத்து மூடி, அடுத்ததைத் திறப்போம். எல்லா வாயையும் திறந்துவிட்டால் கிணற்றடிப் பாத்தி குளமாகும், கடைசிப் பாத்தி நனையவே நனையாது. எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பாயவேண்டுமென்றால் கிணற்றடிப் பாத்தியின் வாய் விரல் அளவுதான் திறந்திருக்கவேண்டும், தூரம் போகப் போக வாய் அகலவேண்டும். அப்பா அதைக் கண்ணாலேயே அளப்பார்.

ரேடியேட்டரின் மறுமுனையில் பிளாஸ்டிக் மூடி போட்ட இன்னொரு வால்வு உண்டு. இங்கே லொக்ஷீல்ட் என்பார்கள். பலர் அது வெறும் அலங்காரம் என்று நினைத்துத் தொடுவதே இல்லை. பாத்தியின் வாய் அதுதான். மூடியைக் கழற்றி ஸ்பானரால் திருப்பவேண்டும். முன்னறை ரேடியேட்டரில் அது முழுக்கத் திறந்திருந்தது. சில மாதம் முன்பு சுவருக்கு வர்ணம் பூச அதைக் கழற்றி மாட்டியவர்கள் அப்படியே விட்டுப் போயிருக்கவேண்டும். அதை முழுக்க மூடி, கால் சுற்று மட்டும் திறந்தோம். நடையில் அரைச் சுற்று. மாடியில் இன்னும் கொஞ்சம். அப்பாவின் அறையில் முழுக்கத் திறப்பு. அப்பா என் பின்னாலேயே ஒவ்வோர் அறையாக வந்தார். மாடிப்படி ஏறும்போது கைத்தாங்கலுக்கு என் தோளைப் பிடித்தார். வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் எல்லா அறைக்கும் போனது அன்றைக்குத்தான்.

இருபது நிமிடம் கழித்துப் பின்னறைக்குப் போனோம். குழாய்ப் பக்க மூலையில் சூடு தொடங்கி, மேல் விளிம்பு வழியாக நகர்ந்து, மெதுவாக அடிக்கு இறங்கியது. அப்பா உள்ளங்கையை வைத்து அது வரும் வழியைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார். "வருது, வருது" என்றார். வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டும்போது சொல்லும் அதே குரல். மாலையில் போத்தலின் ஓரத்தில் எண்ணெய் இளகியிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு ரேடியேட்டர்களுக்கு அப்பாதான் பொறுப்பு. பொயிலரின் அடியில் இருக்கும் அழுத்தமானியைத் தினமும் பார்ப்பார். வீடு ஆறியிருக்கும்போது முள் 1க்கும் 1.5க்கும் நடுவில் நிற்கவேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். இந்தக் காலத்துப் பெரும்பாலான பொயிலர்களைப்போல இதற்கும் கூரையில் தொட்டி இல்லை. காற்றைத் திறந்துவிட்டால் அழுத்தம் இறங்கும், பிறகு வெள்ளிப் பின்னல் குழாயின் குமிழைத் திறந்து நாமே தண்ணீர் ஏற்றவேண்டும். கோடையில் எல்லா வால்வுத் தலையையும் 5இல் திருப்பி வைப்பது அவருடைய ஏற்பாடு. அப்படி வைத்தால் ஊசி மேலேயே நிற்கும், ஒட்டாது.

சில வருடத்தில் அதே அறையில் வேறொரு குறை வந்தது. இந்தத் தடவை மேலே சூடு, கீழே நடுப்பகுதி குளிர். காற்றுக்கு நேர் எதிர். உள்ளே ஓடுவது வருடக்கணக்காக அதே தண்ணீர், ரேடியேட்டரோ இரும்புத் தகடு. துரு கறுப்புச் சேறாகி அடியில் படிந்துவிடும். இரண்டு வால்வையும் மூடி, லொக்ஷீல்ட் எத்தனை சுற்றில் மூடியது என்று எண்ணி எழுதிவைத்து, துணியும் தட்டும் பரப்பி, ரேடியேட்டரைக் கழற்றினோம். நானும் மகனும் அதைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போய் ஹோஸ் பைப்பால் அலசினோம். மை போன்ற தண்ணீர் வந்தது, பழைய மிஷின் எண்ணெய் மணத்தோடு. மகன் ஒரு காந்தத்தை அதில் தோய்த்துத் தூக்கினான். கறுப்புச் சேறு தாடிபோல ஒட்டிக்கொண்டு வந்தது. அப்பா நாற்காலியில் இருந்து, தண்ணீர் தெளியும்வரை நிறுத்தவேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு துருப்பிடிக்காமல் காக்கும் மருந்தைத் தண்ணீரோடு கலந்து விட்டோம். இவ்வளவும் வீட்டில் இருப்பவரே செய்யக்கூடிய வேலைதான். பொயிலரின் மூடியை மட்டும் நான் திறந்ததில்லை. அதற்குள் காஸும் நெருப்பும் இருக்கின்றன. காஸ் சேஃப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் வந்துதான் அதைத் திறக்கவேண்டும்.

அப்பா போய்ப் பல குளிர்காலம் கடந்துவிட்டது. பின்னறையில் இப்போது அம்மா இருக்கிறார். மகள் வேலையிடத்திலிருந்தே போனில் வீட்டு ஹீட்டிங்கைப் போடுகிறாள். போனில் 20 என்று வருகிறது. அந்த எண் இன்றைக்கும் நடையில் இருக்கும் பெட்டியின் எண்தான். அம்மாவின் அறை எத்தனை பாகை என்று அதற்குத் தெரியாது. அதனால் முதல் நாள் ஹீட்டிங் போட்டதும் நான் அறை அறையாகப் போய் ஒவ்வொரு ரேடியேட்டரின் மேலும் கீழும் இரண்டு மூலையிலும் கை வைத்துப் பார்ப்பேன். போன வாரமும் பார்த்தேன். அம்மாவின் அறையில் நன்றாகச் சுட்டது. அதன் மேல் அவருடைய எண்ணெய்ப் போத்தல் இருந்தது, பாதி இளகியபடி.

வயதானவர்கள் இருக்கும் அறை 18 பாகைக்குக் குறையக்கூடாது என்று இங்குள்ள மருத்துவத் துறை சொல்கிறது. கேட்டால் அவர்கள் குளிரில்லை என்றுதான் சொல்வார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போகாதீர்கள். இன்றிரவு உள்ளே போய் அந்த ரேடியேட்டரில் கையை வையுங்கள்.